மதிப்பெண் இருக்கிறது; பிணை நிற்க ஆள் வேண்டும்

(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மலேசியத் தமிழ் மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலையில் எழுந்து, ஜொகூர் பாலத்து நெரிசலில் நின்று, தேக்கா வரை வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ்டிபிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்ற ஒரு பெண்ணின் தந்தை என்னைத் தேடி வந்தார். லாரி ஓட்டுநர். மகளுக்குச் சிங்கப்பூரில் பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. கல்விக் கட்டண மானியப் பத்திரத்தில் பிணையாளர்கள் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். அவர் ஒருவர் தயார். இரண்டாவது ஆளுக்காகச் சொந்தக்காரர் வீடு வீடாக அலைந்தார். "பார்க்கலாம்" என்றார்களே தவிர யாரும் பேனாவை எடுக்கவில்லை. கெடு முடிந்தது, இடமும் போனது. இன்று நான் பேச வந்ததற்குக் காரணம் அந்தப் பெண்தான்.

நம் பிள்ளைகள் ஏன் பாலம் தாண்டி வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மலேசியாவில் மெட்ரிகுலேஷன் கல்வி 2000களின் தொடக்கத்தில்தான் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்குத் திறக்கப்பட்டது. அதுவும் பத்து விழுக்காடு. சீனரும் இந்தியரும் மற்றவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய பத்து விழுக்காடு அது. அந்த உரிமைக்காகக் குரல் கொடுப்பதை நாம் நிறுத்தப் போவதில்லை. ஆனால் இந்த ஆண்டு தேர்வு எழுதிய பிள்ளை, போராட்டம் வெல்லும் வரை வீட்டில் காத்திருக்க முடியாது. பிடிபிடிஎன் கடனோ மலேசியாவுக்குள் படிப்பவர்களுக்குத்தான். ஆகவே சிங்கப்பூரில் என்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வழி உபகாரச் சம்பளம். ஆசியான் நாட்டு மாணவர்களுக்கான இளங்கலை உபகாரச் சம்பளம் இங்கே உண்டு. மலேசியர்கள் அதற்கு மனுச் செய்யலாம். மானியம் போக மீதிக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையையும் அது தருகிறது. ஆனால் கிடைப்பது சிலருக்கு மட்டுமே. மனுப் போடுங்கள், அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, கல்வி அமைச்சின் கட்டண மானியம். வெளிநாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் வாசல். அண்மை ஆண்டுகளில் பொறியியல், கலை போன்ற படிப்புகளுக்குச் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல் கட்டுகிறார்கள். மானியம் பெற்ற வெளிநாட்டு மாணவர் அதைப் போல இரு மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். மானியம் இல்லாவிட்டால் ஏறத்தாழ நான்கு மடங்கு, சில படிப்புகளுக்கு அதற்கும் மேல்.

இந்த மானியம் இனாம் இல்லை. பட்டம் பெற்றபின் மூன்று ஆண்டுகள் சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம். மருத்துவம், பல் மருத்துவம் என்றால் காலம் இன்னும் நீளும். ஒப்பந்தத்தை முறித்தால் மானியத் தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மாணவர் கட்டாவிட்டால் பிணையாளரிடம் கேட்பார்கள்.

மூன்றாவது, கல்விக் கட்டணக் கடன். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. இதற்கும் உத்தரவாதக் கையெழுத்து உண்டு. பலர் ஏமாறும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். "90 விழுக்காடு வரை கடன்" என்று படித்துவிட்டு, நம் கட்டணத்தில் 90 விழுக்காடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது குடிமக்கள் கட்டும் கட்டணத்தில் 90 விழுக்காடு. அதாவது சுமார் 7,400 வெள்ளி. நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 வெள்ளி துண்டு விழும். குடும்ப வருமானம் குறைந்தவர்கள் படிப்புக் கடன் என்ற இன்னொரு கடனைப் பற்றியும் பல்கலைக்கழக அலுவலகத்தில் கட்டாயம் விசாரியுங்கள்.

ரிங்கிட்டில் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு இந்தத் துண்டு சின்னதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிங்கப்பூர் வெள்ளி இரண்டேகால் ரிங்கிட். இப்போது மூன்று ரிங்கிட்டுக்கு மேல்.

பகுதி நேர வேலை செய்து சமாளிக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்கள், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை செய்யலாம். மணிக்கு 10 வெள்ளி கிடைத்தால் வாரம் 160 வெள்ளி. சாப்பாட்டுக்கும் எம்ஆர்டிக்கும் ஆகும், கட்டணத்துக்கு ஆகாது.

தம்பி தங்கைகளே, இன்னொன்றையும் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். அந்த மூன்று ஆண்டு வேலையை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். வேலை அனுமதியும் வேண்டும். எம்ப்ளாய்மெண்ட் பாஸ் புதிதாக வாங்க, 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளிச் சம்பளம் தேவைப்பட்டது. அதற்குக் கீழே எஸ் பாஸ் இருக்கிறது. எனவே எந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது என்று விசாரித்த பிறகே பத்திரத்தைத் தொடுங்கள்.

நம் முன்னோர் வாசிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறினார்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. இன்றைய மானியத்தை அதோடு ஒப்பிடுவது நியாயமாகாது. இங்கே முதலாளியை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள், சம்பளமும் உண்டு. என்றாலும், வாசிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் நம்மோடு முடியட்டும்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, பிணை நிற்க மனமுள்ளவர்களின் பட்டியல். ஓய்வுபெற்ற ஆசிரியர், சிறு வியாபாரி, இங்கே படித்து முடித்து வேலையில் இருப்பவர் என யாராக இருந்தாலும் சரி. ஒருவர் ஒரு பிள்ளைக்கு மட்டும் நிற்கட்டும். பொறுப்பு உண்மையானது, அதை மறைத்து யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது. பிள்ளையும் ஆண்டுக்கு இருமுறையாவது பிணையாளரிடம் போய்த் தன் நிலையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு, துண்டு விழும் தொகைக்கு வட்டியில்லாச் சுழல் நிதி. இன்று வாங்கும் பிள்ளை வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்டினால், அடுத்த பிள்ளைக்கு அது கிடைக்கும்.

மூன்று, பத்திரத்தைப் பெற்றோருடன் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழில் விளக்கும் தொண்டர்கள்.

இதெல்லாம் நம்மால் ஆகுமா என்று தயங்க வேண்டாம். 1950களில், மலாயாப் பல்கலைக்கழகம் இதே சிங்கப்பூரில் இருந்தபோது, அதன் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். சாதாரணத் தமிழர்கள் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகப் படியையே மிதிக்காதவர்கள், வரப்போகும் தலைமுறைக்காகக் கொடுத்தார்கள்.

அவர்களிடம் இருந்ததைவிட நம்மிடம் அதிகம் இருக்கிறது. அந்த லாரி ஓட்டுநருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கையெழுத்து. அடுத்த ஆண்டு இன்னொரு தந்தை வருவார். அவர் வரும்போது நம்மிடம் பட்டியல் தயாராக இருக்க வேண்டும். வெளியே போகும்முன் யோசித்துப் பாருங்கள். வீட்டாரோடு பேசி முடிவெடுத்து, மனம் இருந்தால் பெயரைக் கொடுங்கள்.