இயாகோவின் வாய், வெனிஸின் சொல்
(உரையின் எழுத்து வடிவம்)

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' 1604-இல் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட நாடகம். அதில் வர்ற இயாகோ ஏன் அவ்வளவு கொடுமை செஞ்சான்னு விமர்சகர்கள் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவனே காரணம் சொல்றான். துணைத் தளபதிப் பதவி, போர்க்களமே பார்க்காத காசியோவுக்குப் போயிடுச்சு. இன்னொரு இடத்தில், என் மனைவி எமிலியாவோடு ஒத்தெல்லோவுக்குத் தொடர்புன்னு பேச்சு, உண்மையான்னு தெரியாது, உண்மைன்னே வச்சுக்குறேன் என்கிறான். காரணங்கள் இப்படி மாறுவதால், இது நோக்கமே இல்லாத தீமை, தனக்கொரு காரணம் தேடி அலையுது என்றார் கோல்ரிட்ஜ்.

என் கேள்வி வேற. ஏன் செஞ்சான் என்பதை விடுங்க. எதை வச்சுச் செஞ்சான்?

முதல் காட்சி. நடு ராத்திரி. செனட்டர் பிரபான்சியோவின் வீட்டு வாசல்ல நின்னு இயாகோ கத்துறான். உன் மகள் டெஸ்டிமோனா ஓடிப்போயிட்டாள். கட்டிக்கிட்டவனை மிருகங்களின் பேரால்தான் சொல்றான். அந்தக் காட்சி முழுக்க ஒத்தெல்லோ என்ற பெயரே வராது, 'மூர்', அவ்வளவுதான். பிரபான்சியோ என்ன சொல்றார் தெரியுமா? இப்படித்தான் கனவு கண்டேன் என்கிறார்! ஒத்தெல்லோவை வீட்டுக்குக் கூப்பிட்டுக் கதை கேட்ட மனுஷன் இவர். துருக்கிக் கப்பல்கள் சைப்ரஸை நோக்கி வருது, அதனால் அரசுக்குத் தளபதி தேவை. வாள் வேணும், மருமகன் வேணாம். இயாகோ புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. வெனிஸ் கண்ட கனவை உரக்கச் சொன்னான்.

மூன்றாம் அங்கத்தில் அதே சொல்லை ஒத்தெல்லோவின் காதுல போடுறான். தன் நாடு, தன் நிறம், தன் தகுதிக்கு ஏத்த மாப்பிள்ளைகளை வேணாம்னாளே, இது இயற்கையா? கைக்குட்டை அப்புறம்தான் வருது. அதுக்குள்ளயே, நான் கறுப்பன் என்பதாலோ என்று ஒத்தெல்லோ தனக்குத் தானே கேட்டுவிடுகிறான். இயாகோ ஜெயிச்ச இடம் அதுதான். ஒடுக்குகிறவனின் சொல், ஒடுக்கப்பட்டவனின் சொந்தக் குரலாகவே வெளிவந்த இடம். கொலை பிறகு நடந்தது.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த 1987-இல், ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட் அரங்கில் ஜேனட் சுஸ்மன் இந்த நாடகத்தை இயக்கினார். ஜான் கானி ஒத்தெல்லோ. கலப்புமணத் தடைச் சட்டம் நீங்கி அப்போ இரண்டே வருஷம். இயாகோவின் சொற்கள் அந்த ஊரில் நாடக வசனம் மட்டுமல்ல, அதுவரைக்கும் சட்டம்.

கடைசியில் பிடிபட்டதும் இயாகோ இனி வாய் திறக்கமாட்டேன் என்கிறான். எதுக்குத் திறக்கணும்? அவன் வேலையைத்தான் மத்தவங்க மனசு செய்யுதே. அந்த மௌனத்துக்கு முன்னாடியே எமிலியா பேசிவிட்டாள். சும்மா இரு என்று கணவன் மிரட்டியும் கைக்குட்டைக் கதையைப் போட்டு உடைச்சாள். அதுக்காகக் குத்தப்பட்டுச் செத்தாள்.

தோழர்களே, இயாகோவை அடையாளம் காண்பது சுலபம். நமக்குள்ள எழும் சந்தேகம் யாருடைய குரலில் பேசுதுன்னு கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஒத்தெல்லோ அதைக் கேட்கத் தவறினான். நாம் கேட்போம்.