நிலைத்து நிற்க வைப்பது வேகமா? விவேகமா? – விவேகமே!



எதிரணித் தம்பி, "வீடியோ கேம் தொழிலில் வேகம் இல்லாதவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று முழங்கினார். வேகமாப் போனவங்க எங்கே போனாங்க? பாலைவனத்துக்குப் போனாங்க! (சிரிப்பு)

கதை இல்லை ஐயா. 1982-இல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி 'ஈ.டி.' சினிமாவை விளையாட்டாக்கியது. நமக்குத் தீபாவளி மாதிரி அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். அதுக்குள்ள சரக்கு கடைக்கு வரணும். சுமார் அஞ்சே வாரத்தில் செய்து முடித்தார்கள். விற்காமல் தேங்கிய சரக்கை நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியபோது 'ஈ.டி.' வெளியே வந்தது. வேகத்துக்கு அதுதான் சமாதி!

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோவைப் பாருங்கள். 1889-இல் சீட்டுக்கட்டு செய்து பிழைத்த கடை. அங்கே குன்பெய் யோகோய் என்றொரு பொறியாளர். பழகிப்போன, விலை மலிந்த தொழில்நுட்பத்தை எடு. அதைப் புதுக் கோணத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989-இல் கேம் பாய் வந்தது. கலர் கிடையாது. நாலு பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடுத்த ஆண்டே செகா கம்பெனி கலரில் கேம் கியர் கொண்டுவந்தது. ஆறு பேட்டரி, சில மணி நேரத்தில் காலி. கலர் இருந்தது, கரண்டு இல்லை! (கைதட்டல்) கேம் பாய், பின்னால் வந்த கலர்த் தம்பியையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது. செகா 2001-இல் கருவி செய்யும் தொழிலையே விட்டது.

"வீ யூ தோற்றதே, அங்கே விவேகம் எங்கே?" என்று தம்பி கேட்பார். நியாயமான கேள்வி. 2006-இல் வந்த வீ 10 கோடி விற்றது. 2012-இல் வந்த வீ யூ 1.35 கோடியோடு நின்றது. இது பழைய கருவிக்குத் துணையா, புதுக் கருவியா என்றே பலருக்குப் புரியவில்லை. தோற்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். தோற்றபோது என்ன செய்தார்கள் என்பதுதான் வழக்கு.

கம்பெனித் தலைவர் சட்டோரு இவாட்டா 2013-இல் பங்குதாரர்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்: லாபக் கணக்குக்காக ஆட்குறைப்பு செய்தால், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவன் கையால் உலகை மகிழ்விக்கும் விளையாட்டு வராது. 2014-இல் ஐந்து மாதத்துக்குத் தன் சம்பளத்தைத்தான் பாதியாக வெட்டினார். 2017-இல் ஸ்விட்ச் வந்தது. 15 கோடியைத் தாண்டியது. அதைப் பார்க்க அவர் இல்லை, 2015-லேயே மறைந்துவிட்டார். தான் சாப்பிடாத பழத்துக்குத் தண்ணீர் ஊற்றினாரே, அது வேகமா ஐயா?

வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரம் வைத்தார். 'ஓடுதல்' என்று ஒன்று வைக்கவில்லை! (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, விவேகமே என்று தீர்ப்பு வழங்குங்கள். அவசரம் இல்லை, நிதானமாகவே வழங்குங்கள்.