இரு பட்டியல்களும் விடுபட்ட பெயரும்



பெரம்பலூர் மாவட்டத்துப் பேரூராட்சிகளுள் ஒன்றாகிய பூலாம்பாடியில், ஒரு தெருவின் வாக்காளர் பட்டியல்கள் இரண்டு நம் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பழையது, மற்றொன்று திருத்தப்பட்டது. இடையில் விடுபட்டவர் யாவர்? வரி வரியாக விரல் வைத்துப் பார்ப்பவர் மூன்றாம் பக்கத்திலேயே கண் அயர்ந்துவிடுவார். விடுபட்டவரோ வாக்குச் சாவடியின் வாயிலில்தான் அதனை அறிவார்.

ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகள் கற்கும் கணங்கள் இங்கே கைகொடுக்கும். 1991இல் வெளிவந்த பைத்தான் என்னும் கணினி மொழியில், 2004இல் வெளியான 2.4ஆம் பதிப்பு முதல் கணம் ஓர் உள்ளுறுப்பாகவே அமைந்துள்ளது. பட்டியல்கள் இரண்டையும் கணங்களாக்கி, இடையே கழித்தற் குறியை இட்டால் போதும். பழையதிலிருந்து புதியதைக் கழித்தால் நீக்கப்பட்டோர் கிடைப்பர். மாற்றிக் கழித்தால் புதிதாகச் சேர்ந்தோர் கிடைப்பர். வெட்டு, இரண்டிலும் நிலைத்தோரைக் காட்டும். சமச்சீர் வித்தியாசம் என்று ஒன்றும் உண்டு. அது நீங்கியோரையும் சேர்ந்தோரையும் கலந்து தருவதால் நமக்கு அவ்வளவாகப் பயன்படாது.

இனித்தான் எச்சரிக்கை வேண்டும். கணத்தில் ஒரே உறுப்பு இருமுறை நில்லாது. தெருவில் செல்வி என்னும் பெயருடையோர் இருவர் இருப்பின், பெயரை மட்டும் கொடுத்த கணினிக்கு அவ்விருவரும் ஒருவரே. அவருள் ஒருவர் நீக்கப்பட்டாலும் விடையில் அது தோன்றாது! ஆதலால் வாக்காளர் அடையாள அட்டையின் எண்ணைக் கொண்டே ஒப்பிடுதல் வேண்டும். எண் கிடைக்காவிடில், பெயரோடு தந்தை அல்லது கணவர் பெயரையும் கதவு எண்ணையும் பிணைத்து ஒரே உறுப்பாக்கலாம்.

அங்கும் நம் எழுத்தே ஒரு சூழ்ச்சி செய்யும். பொன்னுசாமி என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. பெயர்களை முன்னரே ஒரே வடிவுக்குக் கொணராவிடில், பட்டியலில் உள்ள பொன்னுசாமியும் நீக்கப்பட்டவராகத் தோன்றுவார். இதற்கென யூனிகோடுச் சீராக்கம் செய்யும் கருவி பைத்தானிலேயே உள்ளது.

எஞ்சிய பெயர்களை அச்சிட்டுக்கொண்டு வீடு வீடாகச் செல்ல வேண்டும். இறந்தவரா, குடிபெயர்ந்தவரா, தவறாக விடுபட்டவரா என்பது கழித்தற் குறிக்குத் தெரியாது. அண்டை வீட்டாருக்குத் தெரியும். தவறாக விடுபட்டவராயின், அன்றே படிவம் 6ஐ நிரப்பித் தரச் செய்யலாம்.