குழந்தைகளும் வாத்தியப் பயிற்சியும்

(சங்கத்தின் தில்லி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாத்தியம் கற்றால் குழந்தைக்கு மூளை வளரும், கணக்கு வரும் என்று பலர் சொல்கிறோம். 1993-ல் மொஸார்ட் இசையைக் கேட்ட கல்லூரி மாணவர்களிடம் சில நிமிடங்களே நீடித்த ஒரு சிறு முன்னேற்றம் காணப்பட்டது. அதைத்தான் உலகம் ஊதிப் பெரிதாக்கியது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஏழைப் பகுதிக் குழந்தைகளைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வு கவனிக்கத்தக்கது. வாத்தியம் பயின்றவர்களுக்குப் பேச்சொலிகளைப் பிரித்தறியும் திறன் கூடியது. ஓராண்டில் அல்ல, இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பிறகே. பொறுமைதான் முதல் பாடம்!

இனி என் அனுபவம். என் பேரனுக்கு வீட்டில் மிருதங்க வகுப்பு நடந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள் ஜங்புராவை அடுத்த மதராசி கேம்ப்பில் இருந்து வருவார். அவருடைய ஒன்பது வயதுப் பையன் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலில் தாளம் போடுவான். ஐந்து மாதம் பார்த்தேன். உள்ளே வா என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன். பேரன்தான் கேட்டான்: "தாத்தா, அவனும் வரட்டுமே?"

வாத்தியாரிடம் தயங்கிக் கேட்டேன். "கை இருக்கு, காது இருக்கு. வேறென்ன வேணும்?" என்றார்.

பரணில் கிடந்த மிருதங்கத்தைத் தோல் மாற்றிக் கொடுத்தோம். பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்காராத பையன், 'த தி தொம் நம்' என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். தொப்பியில் ரவை பூசுவதும், முடிந்ததும் சுரண்டித் துடைத்து வைப்பதும் அவனே. கணக்கில் நூறு வாங்கினானா என்று கேட்காதீர்கள், வாங்கவில்லை. ஆனால் தவறினால் அழாமல், முதல் எண்ணிக்கைக்குத் திரும்பி மறுபடி தொடங்கக் கற்றுக்கொண்டான். என் பேரனும் அடுத்தவர் வாசிக்கும்போது காத்திருக்கக் கற்றான்.

2025 ஜூன் 1 அன்று, பாரப்புள்ளா வடிகாலைச் சீராக்குவதற்காக, நீதிமன்ற உத்தரவின்படி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழர்கள் வாழ்ந்த இடம். சுமார் 370 குடும்பங்களில் முதலில் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அதுவும் தில்லியின் வடகோடியில், நரேலாவில். இந்தக் குடும்பத்துக்கு அங்கே வீடு கிடைத்தது. அந்த அம்மாளுக்கு எங்கள் பக்கத்து வேலைகள் போயின. பையன் மிருதங்கத்தைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான்.

இப்போது ஞாயிறுதோறும் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறான். வாத்தியார் கேட்டுத் திருத்துகிறார். வலந்தலை தளர்ந்துவிட்டது என்று ஒலியிலேயே தெரிகிறது. அதைச் சரிசெய்ய அங்கே ஆள் இல்லை. "சார், அவன் விடமாட்டேங்கிறான்" என்கிறார் தாயார். அந்தக் குரலில் பெருமையும் இருக்கிறது, கவலையும் இருக்கிறது.

அன்பர்களே, எந்த ஊரில் இருந்தாலும் நம் பரண்களில் வயலினோ வீணையோ தூங்கிக்கொண்டிருக்கும். அதை இறக்குங்கள். உங்கள் குழந்தையின் வகுப்பில் இன்னொரு பாய் விரியுங்கள். நரேலாவுக்கு மாதம் இருமுறை ஒரு வாத்தியாரை அனுப்ப நான் முயன்று வருகிறேன். போக்குவரத்துச் செலவில் பங்குகொள்ள விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கலாம்.

வாசற்படியில் யாராவது தாளம் போடுகிறார்களா என்று பாருங்கள். என்னைப் போல ஐந்து மாதம் காத்திருக்க வேண்டாம்.