வேதியியலில் அரியர் விழுந்தால்

கல்லூரியில் வேதியியலில் அரியர் வைத்த பிள்ளைக்கு அம்பத்தூரிலோ ஆவடியிலோ வீட்டில் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: இனி ஆஸ்பத்திரி வேலை உனக்கில்லை. அது அவசரத் தீர்ப்பு. துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பட்டியலில் ஆய்வகமும் எக்ஸ்ரேயும் மட்டுமில்லை. மருத்துவ சமூகப் பணியாளர், நோய் ஆலோசகர், மருத்துவத் தகவல் மேலாண்மை செய்பவர் எல்லோரும் உண்டு. பெரிய மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரைப் பாருங்கள். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கையில் வைத்துத் திகைத்து நிற்கும் குடும்பத்துக்கு அங்கே வேண்டியது வேதிச் சமன்பாடு அல்ல. பொறுமையாகக் கேட்டு, வழி சொல்லத் தெரிந்த ஒருவர். 1952-இல் தொடங்கிய எழும்பூர் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் சமூகப்பணி முதுகலை படிக்க அறிவியல் பட்டம் தேவையில்லை. மருத்துவமனை நிர்வாகப் படிப்புகளுக்கும் பெரும்பாலும் ஏதாவது ஒரு பட்டம் போதும்.

அப்படியானால் அறிவியலே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் ஏமாற்று வேலை. நர்சிங், பிசியோதெரபி இரண்டிலும் முதல் ஆண்டிலேயே உடற்கூறியல் வரும். அறிவியலுக்குப் பயந்து அங்கே ஓடுவது வீண். நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றும் மெடிக்கல் கோடிங்குக்கும் உறுப்புகளின், நோய்களின் பெயர்கள் அத்துப்படியாக வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு பாடத்தில் தவறியதற்காக மூன்று ஆண்டுகளைத் தொலைப்பதைவிட, உரிய பட்டத்துக்கு இப்போதே மாறுவது மேல். பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரிக்கும் படிப்புக்கும் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.