கேட்டெழுதிய கை
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்தின் வரலாற்றை எழுதி இவ்விதழில் மாதந்தோறும் வெளியிடுமாறு சங்கத்தார் எளியேனைப் பணித்துள்ளனர். அப்பணியில் இறங்குமுன், பிறநாட்டிற் பிறந்து நம் நாட்டில் மறைந்த ஓர் எழுத்தாளரின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் பிரமஞான சபையை நிறுவியோருள் ஒருவராகிய கர்னல் ஆல்காட். அவர் எழுத்தில் கொள்ளத்தக்கதும் உண்டு, தள்ளத்தக்கதும் உண்டு. இரண்டுமே எனக்குப் பாடமாயின.

ஆல்காட் 1832-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள நியூஜெர்சியில் பிறந்தவர். அவர் தம் இருபத்தைந்தாம் வயதில் வெளியிட்ட நூல் சமயத்தைப் பற்றியதன்று, சோளத்தைப் பற்றியது! நம் பாட்டன்மார் மானாவாரியில் விதைத்து, மாட்டுக்குத் தட்டும் மனிதர்க்குச் சோறுமாகக் கொண்டனரே, அந்தச் சோளத்தின் இனத்தைச் சேர்ந்த இனிப்புத் தட்டை வகைகள் சீனத்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அந்நாட்டிற்கு வந்திருந்தன. அவற்றைப் பயிரிடும் வகையையும், சாறு பிழிந்து பாகு காய்ச்சும் முறையையும் அவர் 1857-ல் ஒரு நூலாக விளக்கினார். பின்னர் நியூயார்க் டிரிபியூன் என்னும் இதழில் வேளாண்மைப் பகுதியைக் கவனித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவக் கொள்முதலில் நடந்த மோசடிகளை ஆராயும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கணக்கைப் புரட்டுவதும் சாட்சியை வினவுவதும் அவருக்குப் பழகிய தொழில் என்க.

அத்தகையவரும் ஓரிடத்தில் சறுக்கினார். 1874-ல் வெர்மாண்ட் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் ஆவிகள் உருக்கொண்டு தோன்றுகின்றன என்று செய்தி பரவிற்று. ஓர் இதழின் பொருட்டு அவர் அங்கே சென்று தங்கினார். தோன்றிய உருவத்தைத் தராசில் நிறுத்தும் பார்த்தார், முடிவில் நம்பிவிட்டார். அவ்வனுபவத்தை 1875-ல் நூலாக்கினார். தராசு இருந்தது, ஆனால் அதனைப் பிடித்த கைக்கு நம்பவேண்டும் என்ற ஆவல் முன்னமே இருந்தது. இதுவே அவர் எழுத்தில் நாம் தள்ளத்தக்க பகுதி.

நிற்க. அப்பண்ணை வீட்டில் சந்தித்த பிளாவட்ஸ்கி அம்மையாரோடும் வேறு சிலரோடும் சேர்ந்து 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரமஞான சபையை நிறுவினார். இருவரும் 1879-ல் பம்பாய்க்கு வந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ‘தியாசபிஸ்ட்’ என்னும் மாத இதழ் அம்மையாரின் ஆசிரியப் பொறுப்பில் தோன்றிற்று. ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி சுவாமிகளின் வரலாற்றை அவர் கூற்றாகவே முதலிதழிலேயே தொடங்கினர். பின்னர் இரு சாராருக்கும் பிணக்கு உண்டாயிற்று. எனினும் அவ்வரலாறு இன்றும் பயன்படுகின்றது. 1882-ன் இறுதியில் சபையின் தலைமையிடம் சென்னை அடையாற்றிற்கு மாறிற்று. 1885-ல் அம்மையார் இந்தியாவை விட்டுச் சென்றபின், இதழைப் பேணும் பொறுப்பு நாளடைவில் ஆல்காட்டையே சார்ந்தது. 1907 பிப்ரவரியில் அடையாற்றில் மறையும் வரை அவர் அதனை விடவில்லை.

இனிக் கொள்ளத்தக்க பகுதிக்கு வருகின்றேன். 1881-ல் இலங்கைப் பௌத்தச் சிறார்க்காக அவர் ‘பௌத்த வினாவிடை’ எழுதினார். நம் ஆறுமுக நாவலர் சைவச் சிறார்க்கு வினாவிடை செய்தது உங்களுக்குத் தெரிந்ததே. நாவலரோ சைவத்திலே பிறந்து வளர்ந்தவர், ஆல்காட் அயலார். ஆதலால் தாம் எழுதியதை நேரே அச்சுக்கு அனுப்பவில்லை. ஹிக்கடுவே சுமங்கல தேரர் முன் வைத்து, ஒவ்வொரு விடையும் ஆராயப்பட்டபின்னரே வெளியிட்டார். நிர்வாணம் பற்றிய விடையிலே தேரர் உடன்படாதபோது தம் சொற்களையே மாற்றிக்கொண்டார். ‘நான் எழுதியதே சரி’ என்று அவர் நிற்கவில்லை. ஆகவே அந்நூல் நிலைத்தது.

1894-ல், அக்காலத்தில் பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகச் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கினார். அம்மக்களுள் தோன்றிய அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் ஆல்காட்டோடு இலங்கைக்குச் சென்று வந்தார். ஆல்காட் மறைந்த அதே 1907-ல், ஜூன் திங்களில், பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கித் தம் மக்களின் வரலாற்றைத் தாமே எழுதலானார். பிறர் தம்மைப் பற்றி எழுதிய வரலாற்றில் தம் சொல் இல்லாதவர் வேறென் செய்வர்?

இப்போது நம் குல வரலாற்றிற்கு வருகின்றேன். ‘நாம் அரச மரபினர்’ என்று ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தெழுத, அதனை மூன்றாமவர் சான்று என்கின்றார். அவ்வாறு எழுதினால் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் நம்ப விரும்புவோன் பிடித்த தராசை நினைமின்!

எங்கள் தோட்டத்துக் கிணற்றை வெட்டியவர் யாரென்று என் தந்தையாரைக் கேட்டேன். ‘நம்ம அப்பாரு வெட்டினது’ என்றார். ‘பாறை உடைத்து மண் சுமந்தவர் யார்?’ என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்து, பின் ஒரு பெயரைச் சொன்னார். அவருடைய பேரன் இன்று திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கின்றார். அப்பேரனுடைய மகள் என் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். அப்பெயரை விட்டுவிட்டுக் கிணற்றின் கதையை எழுதி, மறுநாள் அக்குழந்தைக்குத் தமிழ்ப் பாடம் சொல்ல எனக்கு நா எழாது.

ஆதலின் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள். சான்றுள்ளதைச் சான்றுள்ளதென்றும், செவிவழிச் செய்தியை அவ்வாறென்றும் பிரித்தே எழுதுவேன். அச்சேறுமுன் நம் முதியோரிடம், சிறப்பாகப் பாட்டிமாரிடம், படித்துக்காட்டித் திருத்துவேன். நம் காடு தோட்டங்களில் உழைத்த பிற குலத்தாரிடமும் சென்று கேட்டு, அவர்கள் சொல்லையும் அவர்கள் பெயராலேயே சேர்ப்பேன். அதனால் நமக்குக் கசக்கும் செய்தி சில வரினும் வரலாம்.

இவற்றிற்கு உடன்பட்டால் வருகின்ற திங்களே தொடங்குகின்றேன். உடன்படாவிடில் இப்பணியை வேறொருவரிடம் ஒப்புவியுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆயினும் இக்கூட்டம் கலையுமுன் விடை கூறியருளுங்கள்.