ஆண்டுப் பிறப்பும் உள்ளத்து உறுதியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புத்தாண்டு பிறக்கும்போது நல்லதோர் உறுதி பூணாதார் நம்முள் இலர். அதனை ஆண்டிறுதிவரை காத்தவரோ மிகச் சிலர். அச்சிலருள் நான் ஒருவன் அல்லேன். "இனிச் சினம் கொள்ளேன்" என்று ஆண்டுதோறும் உறுதி பூணுவேன். மூன்றாம் நாளே, எழுத்துப் பிழை ஒன்றுக்காக என் மகனைக் கடிந்துரைப்பேன். உறுதி அன்றே முறிந்துவிடும். பின்னர் அடுத்த ஆண்டு வரட்டும் என்று வாளா இருந்துவிடுவேன். இந்நோய்க்கு மருந்து ஒன்றைப் பௌத்த நெறியிலே கண்டேன். அதனையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

ஜப்பான் நாட்டில் டிசம்பர் 31ஆம் நாள் இரவு, பௌத்தக் கோயில்களின் பெருமணிகள் 108 முறை ஒலிக்கும். அவா, வெகுளி, மயக்கம் முதலாக மாந்தரை அலைக்கழிக்கும் மனமாசுகள் 108 என்பது அவர்தம் மரபு. பல கோயில்களில் 107 முறை பழைய ஆண்டிலும், எஞ்சிய ஒருமுறை புத்தாண்டிலும் மணியை ஒலிப்பர். உள்ளத்தைக் கழுவிய பின்னரே உறுதி பூணவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அந்நாட்டார் புத்தாண்டில் 'தருமா' என்னும் பொம்மையை வாங்குவர். தகசாகி நகரம் இதற்குப் பெயர்பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து சீனம் சென்று தியான நெறியைப் பரப்பியவர் என்று போற்றப்படும் போதிதருமரின் உருவமே அது. அவர் காஞ்சியைச் சேர்ந்தவர் என்று கூறும் மரபும் உண்டு. சுவரை நோக்கி ஒன்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்பது அவரைப் பற்றிய கதை. பொம்மைக்குக் கண்மணிகள் இரா. உறுதி பூணும்போது ஒரு கண்ணுக்கு மை தீட்டுவர். அது நிறைவேறிய பின்னரே மற்றைக் கண் திறக்கும். அதுவரை அவ்வொற்றைக் கண் வீட்டாரை நோக்கிய வண்ணம் இருக்கும்.

அப்பொம்மையின் அடிப்பாகம் கனமானது. எப்பக்கம் சாய்த்தாலும் அது தானே நிமிர்ந்துவிடும். ஏழுமுறை வீழ்ந்தாலும் எட்டாம் முறை எழுக என்பது ஜப்பானியர் வழங்கும் முதுமொழி. இதுவே நான் கண்ட மருந்து!

பௌத்தர் ஏற்கும் ஐந்து சீலங்களிலும் இக்கருத்தே பொதிந்துள்ளது. பாளி மொழியில் அவற்றை ஓதுவோர், 'கொல்லேன்' என்று சூளுரைப்பதில்லை. கொல்லாமையைப் பயிற்சியாக மேற்கொள்வதாகவே கூறுவர். தவறியவர் மீண்டும் அதனை ஏற்கலாம். அதற்கு ஓர் ஆண்டு காத்திருத்தல் வேண்டா. உறுதியைப் பாளி நூல்கள் 'அதிட்டானம்' என்று கூறிப் பத்துப் பாரமிதைகளுள் ஒன்றாக வைத்து எண்ணும். பாரமிதையாவது பன்னாள் பயின்று நிறைவிக்கும் பண்பு. ஒருநாள் தவறினால் அப்பயிற்சி அழிந்துவிடுமோ?

இவ்வாண்டும் மூன்றாம் நாள் நான் சினந்தேன். ஆயினும் அன்றிரவே மகனை அருகழைத்து, "தவறு என்னுடையது" என்றேன். மறுநாள் காலை அவ்வுறுதியையே மீண்டும் பூண்டேன். பன்முறை வீழ்ந்துள்ளேன், எனினும் பயிற்சியைக் கைவிட்டிலேன். அன்பர்களே! இன்று நீங்கள் பூணும் உறுதி நாளை முறியுமாயின் வருந்தற்க. நாளை மறுநாளும் உங்களுக்குப் புத்தாண்டே ஆகுக!